பத்தெல்லாவின் வழித்தோன்றல்கள்: ஒரு லத்தீன் சொல்லின் வழிமுறையைத் தேடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லத்தீனிலிருந்து பிறந்த இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், கத்தலான், போர்ச்சுகீசியம், ருமேனியம் ஆகிய ரோமானிய மொழிகளில் ஏதேனும் ஒன்றைப் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே சொற்களின் உறவு கண்ணில் படத் தொடங்கிவிடும். அந்த உறவை ஊகமாக விட்டுவிடாமல் முறையாக நிறுவுவது எப்படி என்பதை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு படிப்படியாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தேர்ந்தெடுத்த சொல் ‘பத்தெல்லா’. பழைய ரோமானியர்கள் தட்டையான, வாயகன்ற ஒரு சிறு பாத்திரத்துக்கு இட்ட பெயர். ‘இரவு’, ‘நீர்’, ‘கை’ போன்ற அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் விதி தவறாமல் வந்து சேர்வதால் அவற்றிலிருந்து விதிகளை மட்டுமே கற்க முடியும். பாத்திரங்களோ சந்தையில் விலைபோகின்றன. ஊர் விட்டு ஊர் செல்லும்போது தம் பெயரையும் எடுத்துச் செல்கின்றன. ஆகவே விதியையும் விதிவிலக்கையும் ஒருசேரக் கற்க விரும்புவோர்க்குச் சமையலறையைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எழுத்து முறை பற்றி ஒரு சொல். தமிழில் ஒலிப்புள்ள தகரத்துக்கும் ஒலிப்பற்ற தகரத்துக்கும் தனித்தனி எழுத்து இல்லை. எனவே இக்கட்டுரையில் அயற்சொற்களின் நடுவில் ‘த்த’ என்று எழுதியிருந்தால், ‘பத்து’ என்னும் சொல்லில் கேட்கும் வன்மையான ஒலி என்றும், உயிர்களுக்கிடையே தனித் ‘த’ இருந்தால், ‘அது’ என்னும் சொல்லில் கேட்கும் மென்மையான ஒலி என்றும் கொள்ள வேண்டும். லத்தீன் பத்தெல்லாவில் தகரம் உண்மையில் ஒற்றையே. லகரம் மட்டுமே இரட்டை.

முதற்படி: லத்தீன் வடிவத்தைச் சரியாகப் பிடித்தல்

அகராதியின் தலைச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு புறப்படுவது தொடக்கநிலையில் பலரும் தடுமாறும் இடம். ரோமானிய மொழிகளின் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை லத்தீனின் எழுவாய் வடிவத்திலிருந்து வரவில்லை. இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து, அதன் இறுதி மகரம் கெட்டு வந்தவை. ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தை’ என்பதில் உள்ள ‘மரத்து’ என்னும் அடி கண்ணில் படாமல் போவதைப் போன்றது இது. பத்தெல்லாவைப் பொறுத்தவரை இரண்டு வடிவங்களும் நெருங்கியிருப்பதால் தொல்லை இல்லை. ஆனால் அதன் போட்டியாளரான ‘சர்த்தாகோ’, அதாவது பொரிக்கும் சட்டி, இதற்கு நேர்மாறானது. அதன் இரண்டாம் வேற்றுமை வடிவம் ‘சர்த்தாகினெம்’. இன்றைய ஸ்பானியத்தின் ‘சர்த்தேன்’ என்னும் சொல்லைச் சர்த்தாகோவிலிருந்து பெற முயன்றால் வழி அடைபடும். சர்த்தாகினெம் என்பதிலிருந்து தொடங்கினால், உயிர்களுக்கிடையே நின்ற ககரம் மறைந்து, ஆகாரமும் இகரமும் கூடி ஏகாரமாகும் பாதை தெளிவாகத் தெரியும். இது தற்செயல் அல்ல என்பதற்கு, வாழையிலைப் பூண்டு போன்ற ஒரு மூலிகையைக் குறிக்கும் ‘பிளாந்தாகினெம்’ ஸ்பானியத்தில் ‘ல்யாந்தேன்’ ஆனதும், கால்நடைத் தீவனத்தைக் குறித்த ‘பர்ராகினெம்’ என்பது ‘எர்ரேன்’ ஆனதும் சான்று. மூன்று சொற்களும் ஒரே வாலோடு தொடங்கி ஒரே வாலோடு முடிகின்றன.

சொல்லின் அசையழுத்தத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ஈற்றயல் அசை கனமானதாக இருந்தால் அழுத்தம் அதன்மேல் விழும். இல்லையென்றால் அதற்கு முந்தைய அசைக்குப் போகும். பத்தெல்லாவில் ‘தெல்’ என்னும் அசை மெய்யால் மூடப்பட்டிருப்பதால் அழுத்தம் அங்கே விழுகிறது. அழுத்தம் பெற்ற உயிர் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். பெறாதவை தேய்ந்து மறையும். இந்த ஒரு தகவல் கையில் இல்லாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

சொல்லின் உள்ளமைப்பையும் பார்த்துவிடலாம். ‘பாத்தினா’ என்னும் தட்டத்தின் பெயரோடு ‘-எல்லா’ என்னும் குறுமை விகுதி சேர்ந்து, இடையிலிருந்த னகரம் லகரத்தோடு இயைந்து பத்தெல்லா ஆயிற்று. கழுதையைக் குறிக்கும் ‘ஆசினுஸ்’ குட்டிக் கழுதையைக் குறிக்கையில் ‘அசெல்லுஸ்’ ஆனதும் இதே முறையில்தான். பாத்தினாவோ கிரேக்கத்தின் ‘பத்தானே’ என்பதிலிருந்து வந்தது. இந்தக் குறுமை விகுதி தமிழர் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது: கதவைக் குறிக்கும் லத்தீன் ‘யானுவா’ என்பதோடு அதே ‘-எல்லா’ சேர்ந்து உருவானதாகக் கொள்ளப்படும் சொல் போர்ச்சுகீசியத்தில் ‘ஜனேலா’ ஆகி, நம்மிடம் ‘ஜன்னல்’ ஆயிற்று.

இரண்டாம் படி: லத்தீனில் பொருள் என்னவாக இருந்தது

இன்றைய பொருளை லத்தீனின் மேல் ஏற்றிவிடாமல் இருக்க வேண்டும். ரோமானியர் வீட்டில் பத்தெல்லா சமைக்கவும் பயன்பட்டது, பரிமாறவும் பயன்பட்டது. வீட்டுத் தெய்வங்களான லாரெஸ்களுக்கு உணவு படைக்கும் தட்டமும் அதுவே. 1ஆம் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸ் முழங்காலின் மூடி எலும்பை அதே பெயரால் குறித்தார்; உடற்கூற்றியலில் அப்பெயர் இன்றும் நிற்கிறது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான ஒரு கடற்சிப்பி இனத்துக்கு 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் பத்தெல்லா என்று பெயரிட்டதும் வடிவ ஒப்புமையால்தான். இவை எல்லாவற்றையும் இணைப்பது ‘தட்டையானது, அகன்றது, சிறியது’ என்னும் வடிவக் கருத்தே அன்றி, எண்ணெயோ நெருப்போ அல்ல. பொரித்தல் என்னும் தொழில் அச்சொல்லோடு ஒட்டியது பின்னரே.

சர்த்தாகோ மாறாக நெருப்போடு பிறந்த சொல். லத்தீன் விவிலியத்தில் எசேக்கியேல் 4ஆம் அதிகாரத்தில் வரும் இரும்புச் சட்டி சர்த்தாகோவே. செவில் நகரத்து ஆயர் இசிதோர், 636இல் மறைந்தவர், எண்ணெய் காயும்போது எழும் ஓசையால்தான் அதற்கு அப்பெயர் வந்தது என்று எழுதினார். அதைச் சொற்பிறப்பாக ஏற்க முடியாது. ஆனாலும் 7ஆம் நூற்றாண்டின் ஸ்பெயினில் அப்பாத்திரம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கு அது மதிப்புமிக்க சாட்சி. பழைய ஆசிரியர்களின் சொல்விளக்கங்களை இப்படித்தான் படிக்க வேண்டும்: வேரைப் பற்றி அவர்கள் சொல்வதை ஐயத்தோடும், பொருளைப் பற்றிச் சொல்வதை மரியாதையோடும்.

மூன்றாம் படி: எதிர்பார்க்கும் வடிவத்தை நீங்களே எழுதுதல்

எந்த அகராதியையும் திறப்பதற்கு முன் ஒவ்வொரு மொழியிலும் அச்சொல் எப்படி வந்திருக்க வேண்டும் என்பதைக் கையால் எழுதிப் பாருங்கள். இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத துணைச்சொற்கள் இரண்டு மூன்று போதும். உயிர்களுக்கிடையே வரும் தகரத்துக்கு ‘வீத்தா’ (வாழ்வு), ‘ரோத்தா’ (சக்கரம்), ‘கத்தேனா’ (சங்கிலி) ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பானியத்தில் இவை முறையே வீதா, ருவேதா, கதேனா. கத்தலானில் வீதா, ரோதா, கதேனா. இரண்டிலும் வன்மையான தகரம் மென்மையாயிற்று. பிரெஞ்சில் வீ, ரூ, ஷேன். அங்கே தகரம் மென்மையாகி, மேலும் தேய்ந்து, முழுதாக மறைந்துவிட்டது. இத்தாலியத்தில் வீத்தா, ருவோத்தா, கத்தேனா என்று வன்மை குன்றாமல் நிற்கிறது, ருமேனியத்திலும் அப்படியே.

இந்த மாற்றத்தைத் தமிழ் பேசுவோர் விளக்கமின்றியே உணர முடியும், ஏனெனில் நம் மொழியிலும் உயிர்களுக்கிடையே தனித்து வரும் வல்லினம் மென்மையாகவே ஒலிக்கிறது, இரட்டித்து வந்தால் மட்டுமே வன்மை காக்கிறது. மேற்கு ரோமானிய மொழிகளில் நடந்ததும் இதுவே: ஒற்றைத் தகரம் மென்மையாயிற்று, இரட்டைத் தகரம் ஒற்றையாகி வன்மையோடு நின்றது. வேறுபாடு என்னவென்றால், அங்கே அது வரலாற்றில் நிகழ்ந்து முடிந்த மாற்றமாகி எழுத்திலும் ஏறிவிட்டது.

அடுத்து ‘-எல்லா’. ஸ்பானியத்தில் அழுத்தம் பெற்ற குறில் எகரம் ‘இயெ’ என்று விரியும். ஆனால் இந்த விகுதியில் அது இடைக்காலத்தில் மீண்டும் இகரமாகச் சுருங்கியது. கோட்டையைக் குறிக்கும் ‘கஸ்தெல்லும்’ முதலில் ‘கஸ்தியெல்யோ’ ஆகிப் பின்னர் ‘கஸ்தில்யோ’ ஆனது எடுத்துக்காட்டு. எனவே ஸ்பானியத்தில் நாம் எதிர்பார்ப்பது ‘பதில்யா’, கத்தலானில் ‘பதெல்யா’, இத்தாலியத்தில் ‘பத்தெல்லா’, பிரெஞ்சில் தகரம் இழந்த ஒரு வடிவம். இவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டு விதியைப் பின்னர் பொருத்துபவர்க்கு எல்லாமே பொருந்துவதுபோல் தோன்றும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நீக்குவது கடினம்.

நான்காம் படி: அகராதிகளைத் திறத்தல்

முதலில் திறக்க வேண்டியது வில்ஹெல்ம் மேயர்-ல்யூப்கேயின் ரோமானிய மொழிகளின் சொற்பிறப்பு அகராதி. 1911 முதல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. 1935இல் நிறைவடைந்த மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். ஜெர்மன் மொழியில் இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை: லத்தீன் தலைச்சொற்கள் அகர வரிசையில், எண்ணிட்டு இருக்கும், வழிச்சொற்கள் பொதுவாக ருமேனியத்தில் தொடங்கி இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் வழியாகப் போர்ச்சுகீசியம் வரை கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கப்பட்டிருக்கும். தலைச்சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால் அச்சொல் எந்த லத்தீன் எழுத்திலும் கிடைக்கவில்லை, வழிச்சொற்களிலிருந்து ஊகித்து அமைக்கப்பட்டது என்று பொருள். ஜன்னலின் மூலமான ‘யானுவெல்லா’ அத்தகையது, பத்தெல்லா அப்படியல்ல.

அதன்பின் மொழிக்கு ஒன்றாகப் போக வேண்டும். பிரெஞ்சுக்கும் அதன் வட்டார வழக்குகளுக்கும் வால்தர் ஃபோன் வார்ட்பூர்க் 1922இல் தொடங்கிய பேரகராதி. ஸ்பானியத்துக்குக் கொரோமினாஸும் பஸ்குவாலும் சேர்ந்து தொகுத்த ஆறு தொகுதிகள். இத்தாலியத்துக்கு மாக்ஸ் ஃபிஸ்டர் 1979இல் வெளியிடத் தொடங்கிய அகராதி. பிரெஞ்சு மொழிக் கருவூலம் எனப்படும் பெரிய அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் உள்ள சொல்வரலாற்றுப் பகுதி தொடக்கநிலையினர்க்குப் பெரும் துணை.

ஐந்தாம் படி: பொருந்தாத வடிவங்களின்மேல் நிற்றல்

இப்போது உங்கள் தாளையும் அகராதியையும் ஒப்பிடுங்கள். பிரெஞ்சு எதிர்பார்த்தபடியே இருக்கிறது: பழைய பிரெஞ்சின் ‘பயேலெ’ தகரத்தை இழந்து, பின்னர் உயிர்கள் ஒன்றோடொன்று கலந்து, இன்று ‘புவால்’ என்னும் ஓரசைச் சொல்லாக ஒலிக்கிறது. (‘பயேலெ’ என்பதில் தோன்றும் யகரம் நாம் எழுதுகையில் இடும் உடம்படுமெய், பிரெஞ்சில் அங்கே இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றன.) ஸ்பானியத்தின் ‘பதில்யா’வும் சரியாக வந்திருக்கிறது, அகராதியில் சிறு சட்டி, ரொட்டி சுடும் ஒருவகை அடுப்பு என்னும் பொருள்களோடு இருந்தாலும், இன்று அது பெரும்பாலும் குடும்பப் பெயராகவே கேட்கிறது.

பொருந்தாதவை மூன்று. முதலாவது இத்தாலியம். நாம் எதிர்பார்த்தது வன்மையான தகரம். கிடைப்பதோ மென்மையான தகரத்தோடு ‘பதெல்லா’. இத்தாலியத்தில் லா ஸ்பேத்சியாவையும் ரிமினியையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே தகரம் மென்மையாகும், தெற்கே வன்மையாக நிற்கும் என்பது பொது வரையறை. பொதுமொழிக்கு அடித்தளமான தஸ்கனி அக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், ‘ஸ்த்ராதா’ (சாலை), ‘ஸ்பாதா’ (வாள்) போல வடக்குச் சாயல் கொண்ட சொற்கள் பல அங்கே கலந்துள்ளன. பதெல்லா அவற்றோடு சேரும். தெற்கே சிசிலியில் அதே பாத்திரம் ‘பதெட்டா’ எனப்படுகிறது. இரட்டை லகரம் நாவை மடித்து ஒலிக்கும் டகரமாவது அத்தீவின் அடையாளம்.

இரண்டாவதும் மிகுந்த கவனத்துக்குரியதும் கத்தலான். உலகமெங்கும் ஓர் அரிசி உணவின் பெயராகப் பரவிவிட்ட ‘பயெல்யா’, ஸ்பெயினில் கத்தலான் வழங்கும் வலென்சியாவில் முதலில் பாத்திரத்தின் பெயர். அங்கே இன்றும் அப்படித்தான் வழங்குகிறது. ஆனால் வீதா, ரோதா, கதேனா என்று மென்மையான தகரத்தைத் தவறாமல் காக்கும் ஒரு மொழியில் ‘பதெல்யா’ இருக்க வேண்டிய இடத்தில் தகரமே இல்லாத சொல் எப்படி வந்தது? தகரத்தை முழுதாக விழுங்கும் பழக்கம் பிரெஞ்சுக்கு உரியது. ஆகவே இச்சொல் லத்தீனிலிருந்து கத்தலானுக்கு நேரடி மரபுரிமையாக வரவில்லை, பழைய பிரெஞ்சின் பயேலெ வழியாகக் கடனாக வந்தது என்றே அறிஞர்கள் கொள்கின்றனர். லத்தீனின் பிள்ளை என்று நாம் நினைத்தது பேரப்பிள்ளையாக இருக்கிறது. எழுத்தில் ஓர் ஒலி குறைந்திருப்பதை வைத்து, ஒரு சட்டியின் பெயர் பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் மலைத்தொடரைக் கடந்து வந்ததைக் கண்டறிய முடிகிறது என்பதே இத்துறையின் மேல் எனக்குள்ள பற்றுக்குக் காரணம்.

மூன்றாவது ஸ்பானியத்தின் ‘பைலா’. இதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த கடனே. ஆக ஸ்பானியத்தில் ஒரே லத்தீன் சொல் மூன்று வேடங்களில் வாழ்கிறது: மரபுரிமையான பதில்யா, பிரெஞ்சு வழி வந்த பைலா, பிரெஞ்சிலிருந்து வலென்சியா வழியாகச் சுற்றி வந்த பயெல்யா. பைலா கடல் கடந்து அமெரிக்காக்களில் வேரூன்றியது. சிலியில் முட்டையைப் பொரித்து அதே பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். எக்குவதோரின் இபார்ரா நகரில் செம்புப் பைலாவைப் பனிக்கட்டியின்மேல் வைத்துச் சுழற்றிப் பழச்சாற்றை உறையவைக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பயெல்யா என்பது ‘மிச்சம்’ என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும், ‘அவளுக்காக’ என்னும் ஸ்பானியத் தொடரிலிருந்து வந்தது என்றும் கதைகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் உணவின் பெயரை விளக்கப் பிறந்தவை. பாத்திரத்தின் பெயரே முந்தியது என்பதை அவை கணக்கில் கொள்ளவில்லை. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அதே பாத்திரத்துக்கு உடன்பிறந்த சொற்கள் இருப்பதற்கும் அவற்றில் விளக்கம் இல்லை. ஒரு சொற்பிறப்பு விளக்கம் ஒலி, பொருள், காலம் மூன்றுக்கும் விடை சொல்லாவிட்டால் அதை ஏற்காதீர்கள்.

ஆறாம் படி: ஒன்றுபோல் ஒலிப்பவற்றைப் பிரித்தல்

பிரெஞ்சில் ‘புவால்’ என்று ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொற்கள் உள்ளன. பெண்பாலாக வருவது நம் பத்தெல்லாவின் வழித்தோன்றல். ஆண்பாலாக வரும் ஒன்று அறையைச் சூடாக்கும் கணப்பு. அது ‘தொங்குவது’ என்னும் பொருளுடைய ‘பென்சிலிஸ்’ என்பதிலிருந்து, தரைக்கடியில் வெப்பக் காற்றை ஓடவிட்ட ரோமானியக் குளியலறைகளின் பெயர் வழியாக வந்தது. ஆண்பாலான மற்றொன்று சவப்பெட்டியின்மேல் விரிக்கும் துணி. அதன் மூலம் மேலாடையைக் குறிக்கும் ‘பல்லியும்’. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் 1637இல் வெளியிட்ட நூலில், தொடங்கும் குளிர்காலத்தில் நாள் முழுவதும் ஒரு புவாலுக்குள் தனியே அடைந்திருந்து சிந்தித்ததாக எழுதியபோது அவர் குறித்தது கணப்பிட்ட அறையை. எனவே எந்தச் சொல்லையும் குறிப்பேட்டில் பதியும்போது அதன் பாலையும் சேர்த்தே பதியுங்கள்.

ஏழாம் படி: பாத்திரத்தையும் நிலப்படத்தையும் பார்த்தல்

சொல்லின் வரலாற்றைப் பொருளின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்னும் கொள்கைக்காகவே 1909இல் ஜெர்மன் மொழியில் ‘சொற்களும் பொருள்களும்’ என்னும் பெயரில் ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுப் புவாலுக்கு நீண்ட கைப்பிடி ஒன்று. வலென்சியாவின் பயெல்யாவுக்கு எதிரெதிரே இரண்டு காதுகள், ஆழம் மிகக் குறைவு. எந்த வடிவத்தை எந்த ஊரில் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை அறிய மொழி நிலப்படங்கள் உள்ளன: ஜில்லியேரோன் 1902 முதல் வெளியிட்ட பிரான்சின் நிலப்படத் தொகுதியும், யாபெர்க், யுட் ஆகியோர் 1928 முதல் 1940 வரை வெளியிட்ட இத்தாலிய, தென்சுவிஸ் தொகுதியும் இதற்கு உரியவை.

நிலப்படத்தில் இரண்டு லத்தீன் சொற்களின் எல்லைப் போட்டி தெரியும். ஸ்பானியத்தில் அன்றாடச் சொல் சர்த்தேன். போர்ச்சுகீசியத்தில் ‘செர்த்தான்’ உண்டெனினும் ‘பொரி’ என்னும் வினையடியாகப் பிறந்த வேறொரு சொல்லே இன்று வழங்குகிறது. பிரான்சின் தென்கிழக்கே புரொவான்சில் ‘சர்த்தான்’, நேப்பிள்ஸில் ‘சர்த்தானியா’. இவை சர்த்தாகோ தங்கிய இடங்கள். வடபிரான்சும் இத்தாலியப் பொதுமொழியும் பத்தெல்லாவின் பக்கம். ருமேனியமோ இரண்டையும் விட்டுக் கிரேக்க மூலமுடைய ‘திகாயெ’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டது. ஸ்பானியத்துக்குள்ளும் சர்த்தேன் ஸ்பெயினில் பெண்பால், அமெரிக்காவின் பல நாடுகளில் ஆண்பால்.

பயிற்சிக்கு

இதே படிகளை முதலில் ‘கல்தாரியா’ என்னும் கொப்பரைச் சொல்லுக்குச் செய்து பாருங்கள். இத்தாலியத்தில் கல்தாயா, பிரெஞ்சில் ஷோதியேர், ஸ்பானியத்தில் கல்தேரா, போர்ச்சுகீசியத்தில் கல்தெய்ரா, ருமேனியத்தில் கல்தாரே என்று குடும்பம் முழுவதும் உயிரோடிருப்பதாலும், பிரெஞ்சில் மெய்க்கு முன் நின்ற லகரம் உகரமானது போன்ற விதிகள் அதில் தெளிவாகத் தெரிவதாலும் தொடக்கத்துக்கு அது ஏற்றது. அது கைவந்தபின் கரண்டியைக் குறிக்கும் ‘கொக்லெயார்’ என்பதை எடுங்கள். நத்தையோட்டின் பெயரிலிருந்து உருவான அச்சொல்லின் வழிவந்த குக்கியாயோ, குச்சாரா, குயியேர், குல்யேரா ஆகியவற்றில் ஈற்றசை மொழிக்கு மொழி மாறுவதால் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அகராதியைத் திறப்பதற்கு முன் உங்கள் ஊகங்களைத் தாளில் எழுதிவிடுங்கள்.